நின்றுபோன மன்றாட்டு

(2023 பிப்ரவரி 24, தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நேற்று முன்தினம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். இன்று தவக்காலத்தின் முதல் வெள்ளி. மாலையில் நம் ஆலயங்களில் சிலுவைப்பாதை தொடங்குகிறது. இன்று இன்னொரு நாளும் கூட. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து இன்றோடு ஓராண்டு நிறைவடைகிறது. 2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை விடியற்காலையில் அந்த நாட்டு மக்கள் குண்டுச் சத்தம் கேட்டுக் கண்விழித்தார்கள். இந்த ஓராண்டில் 80 இலட்சம் பேர் நாட்டைவிட்டு ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கு அகதிகளாகச் சென்றிருப்பதாக ஐ.நா. அகதிகள் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

இந்த உரையைத் தயாரிக்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலி மன்றாட்டுகளை ஒரு நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். கடந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒவ்வொரு ஞாயிறும் உக்ரைன் மக்களுக்காக ஒரு மன்றாட்டு இருக்கிறது. ஏப்ரலிலும் இருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழா முடிந்தபின் 'உக்ரைன்' என்ற பெயர் போய், 'உலக அமைதிக்காக' என்று மாறியிருக்கிறது. ஜூலை மாதத்திற்குப் பிறகு அதுவும் இல்லை. மழைக்காகச் செபித்திருக்கிறோம், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகச் செபித்திருக்கிறோம். உக்ரைன் இல்லை.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. போரும் நிற்கவில்லை. மன்றாட்டு மட்டும் நின்றுவிட்டது. நோட்டில் எழுதுகிறவர்கள் இளையோர் இயக்கப் பிள்ளைகள். ஆனால் திருப்பலிக்கு முன் அதை வாங்கிப் பார்த்துத் தலையசைக்கிறவன் நான். நின்றுபோனது எனக்கே தெரியவில்லை. ஆகவே இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

தூரத்தில் நடக்கும் கொடுமைச் செய்தியைக் கேட்டால் மனிதர் என்ன செய்கிறோம்? இது இன்றைய கேள்வி மட்டுமல்ல. லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் சிலர் ஒரு செய்தியோடு இயேசுவிடம் வருகிறார்கள். கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருந்தபோது பிலாத்து அவர்களைக் கொன்றுவிட்டான். படையும் அதிகாரமும் கொண்ட ஒருவன் செய்த கொலை அது. வந்தவர்கள் இயேசுவின் கருத்தைக் கேட்கிறார்கள். இயேசு இரண்டு காரியம் சொல்கிறார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்பது ஒன்று. நீங்கள் மனம் மாறுங்கள் என்பது மற்றொன்று. செய்தி கேட்க வந்தவர்களையே அவர் கேள்வி கேட்டுவிடுகிறார். அந்தக் கொடுமை உன்னை என்ன செய்தது? நீ யாராக மாறினாய்?

இந்தக் கேள்வியோடு கடந்த ஓராண்டைத் திரும்பிப் பார்ப்போம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். போர் தொடங்கிய ஒரே வாரத்தில் பத்து இலட்சம் பேர் எல்லை கடந்தார்கள். ஆண்கள் நாட்டில் தங்கிவிட, வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். போலந்து நாட்டின் எல்லையில் ப்ஷெமிஷில் என்றொரு நகரம். அந்த நகரத்து இரயில் நிலைய நடைமேடையில் குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் வண்டிகள் வரிசையாக நின்றன. கைக்குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு இரயிலிலிருந்து இறங்கும் தாய்மாருக்காக, முகம் தெரியாத தாய்மார் கொண்டுவந்து விட்டுச்சென்றவை அவை. யாரும் பக்கத்தில் நின்று பெயர் சொல்லவில்லை. நன்றி எதிர்பார்க்கவில்லை. நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த நடைமேடையில் அது நடந்தது.

இரண்டாவதாக, ரஷ்ய மக்கள். 'அந்த நாட்டுக்காரர்கள் எல்லாரும் போரை விரும்புகிறவர்கள்' என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். படையெடுப்பு தொடங்கிய அன்றைக்கே மாஸ்கோவிலும் புனித பீட்டர்ஸ்பர்க்கிலும் இன்னும் பல நகரங்களிலும் மக்கள் தெருவுக்கு வந்து 'போர் வேண்டாம்' என்றார்கள். அடுத்த சில வாரங்களில் அப்படிக் கைதானவர்கள் 13,000 பேருக்கு மேல். மார்ச் 4 அன்று புதிய சட்டம் வந்தது. படையைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்பினார் என்று தீர்ப்பானால் 15 ஆண்டுவரை சிறை. எது பொய் என்பதை அரசே முடிவு செய்யும். போரைப் போர் என்று சொல்வதே ஆபத்தாகிவிட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 6 ஞாயிறு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் அது மன்னிப்பு ஞாயிறு. பெரிய நோன்பு தொடங்குமுன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். அந்த ஒரே நாளில் ரஷ்யாவில் நிகழ்த்தப்பட்ட இரண்டு மறையுரைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, மாஸ்கோவின் மீட்பரான கிறிஸ்து பேராலயத்தில். நிகழ்த்தியவர் திருச்சபையின் தலைவர் முதுபெரும் தந்தை கிரில். அவர் அந்தப் போருக்கு ஒரு ஆன்மிகப் பொருள் கொடுத்துப் பேசினார். பின்பு செப்டம்பர் மாதத்தில், போரில் கடமையாற்றி இறக்கும் வீரரின் பாவங்கள் கழுவப்படும் என்ற பொருளிலும் பேசினார்.

மற்றது, கொஸ்த்ரோமா மாநிலத்தில் ஒரு சிற்றூர்க் கோவிலில். அங்கே பங்குக்குருவாக இருந்தவர் இயோவான் புர்தின். பேராலயம் இல்லை, தொலைக்காட்சிக் கேமராக்கள் இல்லை. அவர் தம் சிறிய மந்தையிடம் இந்தப் போரை ஏற்க முடியாது என்று பேசினார். யாரோ காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார்கள். அவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, படையை இழிவுபடுத்தியதாக 35,000 ரூபிள் அபராதம் விதித்தார்கள். அவர் தனியாள் அல்ல. அந்த மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 300 ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் குருக்கள் போரை நிறுத்தி ஒப்புரவாக வேண்டும் என்று கேட்கும் கடிதத்தில் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

ஒரே திருச்சபை, ஒரே நற்செய்தி, ஒரே ஞாயிறு. இரண்டு மறையுரைகள். மறையுரை வைக்கிற எனக்கு இது அச்சம் தருகிறது. இதை அடுத்த திருச்சபையைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நம் வரலாற்றிலும் வாளை மந்திரித்துக் கொடுத்த கைகள் இருந்திருக்கின்றன. பீடம் உயரமாக இருந்தால் உண்மையும் உயரமாக இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். மார்ச் 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் முதுபெரும் தந்தையோடு காணொளி வழியாகப் பேசினார். நாம் அரசின் குருக்கள் அல்ல, மக்களின் மேய்ப்பர்கள் என்பதே அவர் சொன்னதின் சாரம்.

அடுத்து, நம் பக்கம் வருவோம். கடந்த ஆண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 2ஆம் நாள் வந்தது. அன்று உக்ரைனின் அமைதிக்காக நோன்பிருந்து செபிக்கும்படி திருத்தந்தை கேட்டிருந்தார். அதே நாளில் ஐ.நா. பொது அவையில் படையெடுப்பைக் கண்டித்து வாக்கெடுப்பு நடந்தது. 141 நாடுகள் ஆதரவு, 5 நாடுகள் எதிர்ப்பு, 35 நாடுகள் வாக்களிக்கவில்லை. வாக்களிக்காதவற்றில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. அரசுகளுக்கு அவற்றின் கணக்குகள் இருக்கும். நான் அரசியல் பேச வரவில்லை. ஆனால் டீக்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் நாம் எப்படிப் பேசினோம்?

முதல் சில வாரங்கள் நமக்கும் பதற்றம் இருந்தது. நம் தமிழ்ப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்கள். சுரங்க இரயில் நிலையங்களில் பதுங்கியிருந்து வீட்டுக்குப் போன் பேசினார்கள். கர்நாடகத்துப் பிள்ளை ஒருவர் கார்கிவ் நகரில் குண்டுவீச்சில் இறந்தார். பிள்ளைகள் விமானத்தில் வந்து இறங்கியதும் நம் பதற்றம் இறங்கிவிட்டது. பிறகு சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது மீண்டும் உக்ரைனை நினைத்தோம். நம் நாடு இறக்குமதி செய்த அந்த எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. விலை பழகியதும் அந்த நினைவும் போயிற்று.

அதன்பின் மிஞ்சியது என்ன? கிரிக்கெட் பார்ப்பதுபோலப் போரைப் பார்ப்பது. யார் கை ஓங்குகிறது, எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்ற பேச்சு. 'நேட்டோ ஏன் அவ்வளவு கிட்டே போனது, அதனால்தான் அடி விழுந்தது' என்ற வாதம். வரலாற்றை ஆராய்வது தவறல்ல. நாடுகளின் போட்டிகளைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் தொடக்கநூலில் காயினிடம் கடவுள் என்ன கேட்டார்? உனக்கும் அவனுக்கும் என்ன தகராறு, யார் முதலில் முறைத்தது என்று கேட்கவில்லை. உன் சகோதரன் எங்கே என்று கேட்டார். காயினுக்கும் மனத்தாங்கல் இருந்தது. அதைச் சொல்லி ஆபேலின் இரத்தத்தை மறைக்க முடியவில்லை. அடித்தவனின் காரணங்களை ஆர்வமாகப் பேசுகிற நாம், அடிபட்டவன் எங்கே என்று கேட்க மறந்துவிட்டோமா?

இதற்கு நேர் எதிரான தவறும் நடந்தது. கோபம் எல்லை மீறியது. வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகர இசைக்குழு ஒன்று, 1893இல் இறந்துபோன சாய்கோவ்ஸ்கியின் '1812' என்ற இசையைத் தன் நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. ரஷ்யாவின் வெற்றியைப் பீரங்கி முழக்கத்தோடு கொண்டாடும் இசை அது, அந்த நேரத்தில் பொருந்தாது என்றார்கள். அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மிலான் நகரில் ஒரு பல்கலைக்கழகம் தாஸ்தாயேவ்ஸ்கி பற்றிய வகுப்புகளையே தள்ளிவைத்தது. எதிர்ப்பு வந்தபின்தான் முடிவை மாற்றியது. ரஷ்ய அரசாலேயே சைபீரியச் சிறைக்கு அனுப்பப்பட்டவர் அந்த எழுத்தாளர். ஓர் அரசின் குற்றத்தை ஒரு மொழியின் மேல், ஓர் இனத்தின் மேல் ஏற்றிவிடுவது எளிது. அதில் நீதி இல்லை.

எல்லையிலும் ஒரு வருத்தமான காரியம் நடந்தது. தப்பியோடிவந்த ஆப்பிரிக்க மாணவர்களும் இந்திய மாணவர்களும் தாங்கள் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகச் சொன்னார்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் அதைக் கண்டித்து அறிக்கை விட்டது. இரக்கத்துக்குள்ளேயே ஒரு வரிசை இருந்தது.

எங்கள் பங்கில் ஈழத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மா இருக்கிறார். சென்ற ஆண்டு உக்ரைனுக்காகச் செபமாலை சொல்லி முடித்த ஒரு மாலையில் என்னிடம் வந்தார். "சாமி, 2009இல எங்களுக்காக உலகம் இப்படி அழல்லையே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா பதுங்குகுழிக்குள்ள பிள்ளையோட இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். அதனால நான் இன்னொரு நூற்றியைம்பத்துமூணு சொல்றேன்." 

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. சிரியாக்காரர் கேட்கலாம், ஏமன் நாட்டவர் கேட்கலாம். உலகம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் தம் காயத்தைக் காட்டி இன்னொருவரின் காயத்தை மூடவில்லை. தம் காயத்தாலேயே அதைப் புரிந்துகொண்டார். நான் படித்த இறையியலில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இன்று மாலை சிலுவைப்பாதை என்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கடந்த ஆண்டு ஏப்ரல் 15, பெரிய வெள்ளி. உரோமை கொலோசேயத்தில் திருத்தந்தை தலைமையில் நடந்த சிலுவைப்பாதையின் 13ஆம் நிலையில் இரண்டு பெண்கள் சேர்ந்து சிலுவையைச் சுமந்தார்கள். ஒருவர் உக்ரைனியர், மற்றவர் ரஷ்யர். ஒரே மருத்துவமனையைச் சேர்ந்த தோழிகள். இந்த ஏற்பாடு முன்கூட்டியே தெரிந்தபோது உக்ரைனிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. திருப்பீடத்துக்கான உக்ரைன் தூதர் கவலை தெரிவித்தார். உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருஅவையின் தலைவர் பேராயர் ஷெவ்சுக், இது இப்போது பொருத்தமற்றது என்றார். இறுதியில் அந்த நிலைக்கு எழுதியிருந்த நீண்ட சிந்தனையை வாசிக்கவில்லை. ஓரிரு வாக்கியம் மட்டும் சொல்லி, மௌனமாகச் செபித்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து நான் கண்கலங்கினேன். எதிர்ப்பைப் பற்றிப் படித்தபோது, 'இவர்களுக்கு மன்னிக்கும் மனம் இல்லையே' என்றும் நினைத்தேன். நான் நினைத்தது தவறு. அந்த நாள்களை எண்ணிப் பாருங்கள். புச்சா நகரத்துத் தெருக்களில் பொதுமக்களின் பிணங்கள் கண்டெடுக்கப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 6 அன்று திருத்தந்தை அங்கிருந்து வந்த அழுக்கேறிய கொடியை எல்லார் முன்னிலையிலும் முத்தமிட்டிருந்தார். பேராயர் ஷெவ்சுக் கீவ் நகரைவிட்டுப் போகாமல், பேராலயத்தின் அடித்தளத்தில் தஞ்சமடைந்த மக்களோடு இருந்தவர். அவரைவிட எனக்கு மன்னிப்பைப் பற்றி அதிகம் தெரியுமா?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். கணவர் அடிக்கிறார் என்றார். நான் இளங்குரு. "பொறுத்துக்கொள்ளுங்கம்மா, மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "மன்னிக்கிறேன் சாமி. முதல்ல அவரை அடிக்கிறத நிறுத்தச் சொல்லுங்க." அன்று நான் தலைகுனிந்தேன். அடிக்கிற கையைப் பிடிக்காமல், அடிபடுகிறவரிடம் மன்னிப்பைக் கேட்டு வாங்குவது எளிது. அதற்கு நற்செய்தியில் இடமில்லை.

நம் ஒப்புரவு அருளடையாளத்தை நினைத்துப் பாருங்கள். பாவத்துக்காக மனம் வருந்த வேண்டும், அறிக்கையிட வேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுக்க வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். சக்கேயு இயேசுவைக் கண்டதும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். திருப்பித் தராத சமாதானத்தை நம் திருஅவை சிறுபிள்ளைகளுக்குக்கூடக் கற்றுக்கொடுப்பதில்லை. நாடுகளுக்கு மட்டும் அதை எப்படிச் சொல்ல முடியும்?

அப்படியானால் அந்த இரண்டு தோழிகள் செய்தது தவறா? இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் வெறுக்கவில்லை. போர் தங்கள் நட்பைக் கொல்ல அவர்கள் விடவில்லை. அது உண்மை. ஒரு நாடே இரத்தம் சிந்திக்கொண்டிருக்கும்போது அந்த நட்பையே தீர்வாகக் காட்டிவிட முடியாது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவே அன்று மௌனம் இருந்தது. அந்த மௌனம் சரியானது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சிலுவையை இருவரும் சேர்ந்து சுமந்தார்கள். சொல்ல வேண்டிய வார்த்தையை, அதைச் சொல்ல உரிமையுள்ளவர்களுக்காக விட்டுவைத்தார்கள்.

அன்பானவர்களே, இன்றைய முதல் வாசகம் எசாயா 58ஆம் அதிகாரம். மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள், நாங்கள் நோன்பிருந்தும் நீர் பார்க்கவில்லையே என்று. கடவுளின் பதில் என்ன? தலையைத் தாழ்த்திச் சாம்பலில் உட்காருவதா நோன்பு? கொடுமையின் கட்டுகளை அவிழ்ப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், தங்க இடமற்ற ஏழையை வீட்டில் சேர்ப்பதும்தான் எனக்குப் பிடித்த நோன்பு என்கிறார். ப்ஷெமிஷில் இரயில் நிலையத்தில் வண்டிகளை விட்டுச்சென்ற தாய்மார் அந்த நோன்பை இருந்தார்கள். கொஸ்த்ரோமாவின் அந்தப் பங்குக்குரு அபராதம் கட்டி இருந்தார். நாம் எப்படி இருக்கப்போகிறோம்?

மூன்று சிறிய காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, இந்தத் தவக்காலத்தில் போரைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவதையும், போரைக் கொண்டாடும் காணொளிகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் ஒறுப்போம். மீன், இறைச்சியை விடுவதைவிட அது சிலருக்குக் கடினமாக இருக்கும். இரண்டாவது, வெள்ளிக்கிழமைதோறும் ஒருவேளை உணவின் காசை எடுத்துவைத்து, அதை உக்ரைன் வரை அனுப்ப முடியாவிட்டாலும், நம் ஊரில் வீடிழந்தவருக்கோ அகதி முகாமில் இருப்பவருக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்போம். மூன்றாவது, பெயர் சொல்லிச் செபிப்போம். அக்டோபர் மாதத்திலிருந்து மின்நிலையங்கள் தாக்கப்பட்டு, உறைபனியில் இருட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக. பெர்தியான்ஸ்க் நகரில் கடந்த நவம்பரில் பிடித்துச் செல்லப்பட்ட உலக மீட்பர் சபைக் குருக்கள் இருவருக்காக. மகனைப் பெட்டியில் பெற்றுக்கொண்ட உக்ரைன் தாய்க்காக, ரஷ்யத் தாய்க்காகவும். போரை ஆணையிட்டவர்கள் மனம் மாறும்படியும் செபிப்போம். அது அவர்களுக்குச் சலுகை காட்டுவதாகாது. மனமாற்றத்தைவிடக் கடினமான தண்டனை எதுவும் இல்லை.

நான் அந்த நோட்டை மேசைமேல் திறந்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறுக்கான பக்கத்தில் 'உக்ரைன்' என்று என் கையாலேயே எழுதிவிட்டேன். போர் முடியும்வரை அது நிற்காமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மறந்தால் ஞாபகப்படுத்துங்கள்.

செபிப்போம்.

அமைதியின் ஆண்டவரே, தூரத்தில் இருப்பவர்களின் அழுகை எங்கள் காதுக்குப் பழகிப்போகாமல் காத்தருளும். அடிக்கிற கைகளை நிறுத்தும். அடிபட்டவர்களுக்கு நீதி வழங்கும். வெறுப்பு அவர்கள் உள்ளத்தையும் கைப்பற்றாமல் காத்துக்கொள்ளும். மன்னிப்பின் வார்த்தை அவர்கள் வாயிலிருந்தே ஒருநாள் பிறக்கச் செய்யும். அதுவரை அவர்களோடு சேர்ந்து சிலுவையைச் சுமக்க எங்களுக்குத் தோள் தாரும். ஆமென்.